நூறு பேருக்குச் சூடான காப்பி

வீட்டில் நால்வருக்குச் சுவையான காப்பி தயாரிக்கத் தெரிந்த ஒருவரிடம் நூறு பேருக்கு அதே காப்பியைத் தயாரிக்கும் பொறுப்பை ஒப்படைத்தால், அவர் பெரும்பாலும் நால்வருக்குரிய அளவை இருபத்தைந்தால் பெருக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார். பொடி, பால், சர்க்கரை ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியானதே. ஆனால் பால் கொதிப்பதற்கு வேண்டிய காலமும், பொடிப் படுகையின் ஆழமும், பரிமாறும்போது இழக்கப்படும் உஷ்ணமும் இந்தப் பெருக்கல் வாய்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. பயிற்சி முகாம், ஆசிரியர் மாநாடு, பள்ளி ஆண்டு விழா, உழவர் கூட்டம் முதலியவற்றை நடத்தும் பொறுப்பு நம் வாசகர்களில் பலருக்கு அடிக்கடி ஏற்படுவதால், இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூர் அடுகோடிப் பகுதியில் நடைபெற்ற ஒரு பயிற்சி முகாமில் மொழிபெயர்ப்பு உதவிக்காக நான் கலந்துகொள்ள நேர்ந்தது. வெளியூர்களிலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து வந்திருந்த சுமார் 150 பேர் காலை ஏழரை மணிக்குக் காப்பியை எதிர்பார்த்து அமர்ந்திருந்தனர். முதல் நாள் மாலையில் வாங்கிச் சமையலறைத் தரையில் வைத்திருந்த பாக்கெட் பாலையும், அன்று காலை வந்த புதிய பாலையும் ஒரே அண்டாவில் ஊற்றி அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். பால் பொங்குவதற்கு முன்பே திரிந்துவிட்டது. 15 லிட்டர் பாலும் வீணாயிற்று. வேறு பால் தேடி ஆட்கள் புறப்பட்டனர். அவர்கள் திரும்பும் வரை டிகாக்ஷன் சூடாக இருக்கட்டும் என்று எண்ணி அதனைச் சிறு தீயில் கொதிக்கவிட்டிருந்தனர். ஒன்பதரை மணிக்குக் காப்பி வந்தது. கசப்பும் புளிப்பும் கலந்து, வெதுவெதுப்பாக வந்தது. காலை அமர்வில் பேசவேண்டிய வல்லுநர் இரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று இருபது நிமிடத்தில் உரையை முடித்துக்கொண்டு சென்றுவிட்டார். அவ்வுரைக்காகவே பலர் அவ்வளவு தூரம் வந்திருந்தனர். யாரும் சோம்பலாக இருந்ததால் நேர்ந்த தவறு அன்று இது. எல்லோரும் விடியற்காலை நான்கு மணி முதல் உழைத்தவர்களே.

இந்நிகழ்ச்சி அடுகோடியில் நடந்தது என்பதில் ஒரு விந்தை உண்டு. நம் நாட்டில் பால் விஞ்ஞானம் தவழ்ந்து வளர்ந்த இடம் அது. 1923-ஆம் ஆண்டில் கால்நடை வளர்ப்புக்கும் பால் பண்ணைத் தொழிலுக்குமாகப் பெங்களூரில் நிறுவப்பட்ட அரசாங்க ஆராய்ச்சி நிலையமே பின்னர் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1927-ஆம் ஆண்டில் உடல்நலம் பேணப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் இந்நிலையத்துக்கு வந்து கால்நடைப் பராமரிப்பைக் கற்றறிந்தார். 1955-இல் தலைமையிடம் கர்னாலுக்கு மாற்றப்பட்டபின் பெங்களூரில் இருந்த பகுதி தென்மண்டல நிலையமாயிற்று. அடுகோடியில், ஓசூர் சாலையில் அது இன்றும் இயங்குகிறது. அருகிலுள்ள நாற்சந்திக்கு டெய்ரி சர்க்கிள் என்றே பெயர். காப்பி வாரியத்தின் தலைமை அலுவலகமும் இதே நகரத்தில்தான் உள்ளது. இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தின் மலைத் தோட்டங்களிலிருந்தே கிடைக்கிறது. காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி நிலையங்கள் மூடப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் தங்கள் முதல் கூட்டுறவுச் சங்கத்தை 1957-இல் தொடங்கியதும் பெங்களூரில்தான். பாலும் காப்பியும் இவ்வாறு ஒருங்கே பேணப்படும் ஊரிலேயே இத்தகைய பிழை நேருமாயின், மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பாலைக் கவனிப்போம். ஏனெனில் பெருங்கூட்டக் காப்பியில் நேரும் பெரிய விபத்துகள் பாலிலிருந்தே தொடங்குகின்றன.

புதிய பசும்பால் ஏறக்குறைய நடுநிலையானது. மிகச் சிறிதளவே அமிலத்தன்மை உடையது. அதன் காரகாடித்தன்மை எண் 6.6 அல்லது 6.7 ஆகும். பாலில் கேசின் என்னும் புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்திரளைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. இத்திரளைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கும் வரை பால் பாலாக இருக்கும். பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கினால் இவ்விலக்கம் குறைந்துகொண்டே வருகிறது. சாதாரண உஷ்ணத்தில் காரகாடித்தன்மை எண் 4.6 அளவுக்கு இறங்கினால்தான் கேசின் முழுவதும் திரண்டு தயிராகிறது. ஆனால் பாலைச் சூடாக்கும்போது அவ்வளவு அமிலம் தேவைப்படுவதில்லை. நாவுக்குப் புளிப்பே தெரியாத, மூக்குக்கும் புலப்படாத சிறு அமிலம் ஏறியிருந்தாலும் போதும், கொதிநிலையை நெருங்கும்போது பால் திரிந்துவிடும். காய்ச்சாத நிலையில் நன்றாகத் தோன்றிய பால் அடுப்பில் நம்மை ஏமாற்றுவதன் காரணம் இதுவே. காப்பி டிகாக்ஷனும் சிறிது அமிலத்தன்மை உடையது. அதன் எண் ஏறக்குறைய 5 ஆகும். ஆகவே காய்ச்சும்போது தப்பிப் பிழைத்த பால்கூட, டிகாக்ஷன் சேர்ந்தவுடன் துகள் துகளாகப் பிரிந்து டம்ளரின் அடியில் தங்குவது உண்டு.

பால் சேகரிப்பு நிலையங்களில் இதற்கென ஓர் எளிய சோதனை வழங்கிவருகிறது. ஒவ்வொரு கேனிலிருந்தும் சுமார் 5 மில்லிலிட்டர் பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் சில நிமிடம் வைத்துப் பார்க்கிறார்கள். குழாயின் சுவரில் துகள்கள் ஒட்டினால் அந்தக் கேன் தள்ளப்படுகிறது. சோதனைக் குழாய் இல்லாத சமையலறையில் ஒரு சிறு கரண்டியும் தீயும் போதுமானவை. எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தது என்பதைக் கொண்டு பாலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கவிட்டு, அதில் சில துளி டிகாக்ஷனையும் விட்டுப் பார்க்கவேண்டும். நான் மேலே குறிப்பிட்ட முகாமில் இதனைச் செய்திருந்தால், தரையில் கிடந்த பழைய பால் மட்டும் போயிருக்கும்; புதிய பால் தப்பியிருக்கும். பழைய பாலையும் புதிய பாலையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது என்பதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பால் திரியாமலிருக்கச் சிலர் அதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைச் சேர்க்கிறார்கள். சோடா அமிலத்தை முறிப்பதால் பால் திரியாமல் தப்புவது உண்மையே. ஆனால் அமிலத்தை உண்டாக்கிய பாக்டீரியாக்களின் பெருக்கத்தையோ அவற்றின் கழிவையோ அது போக்குவதில்லை. கெடத் தொடங்கிய பால் கெடாததுபோல் தோற்றமளிக்கிறது, அவ்வளவே. விற்பனைப் பாலில் இத்தகைய பொருள்களைச் சேர்ப்பது சட்டப்படி கலப்படமாகும். விருந்தினர்க்கு அதனைச் செய்வதற்கு நியாயம் ஏதுமில்லை.

பாக்கெட் பால் பாஸ்டர் முறையில் சூடாக்கிக் குளிர்விக்கப்பட்டதாயினும், 5 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத குளிரில் வைத்திருந்தால்தான் அதன் ஆயுள் நீடிக்கும். மண்டபத்தில் குளிர்ப்பெட்டி இல்லையெனில் பனிக்கட்டி நிறைந்த தொட்டியில் பாக்கெட்டுகளை அமிழ்த்தி வைக்கலாம். அதற்கும் வழியில்லையேல் பாலை விடியற்காலையில்தான் வரவழைக்கவேண்டும்.

இனிப் பால் கொதிக்கும் காலத்தைக் கணக்கிடுவோம். நூறு பேருக்கு, ஒருவருக்கு 120 மில்லிலிட்டர் வீதம் 12 லிட்டர் காப்பி தேவை. இதில் இரண்டு பங்கு பால், ஒரு பங்கு டிகாக்ஷன் என்று வைத்துக்கொண்டால் பால் 8 லிட்டர், டிகாக்ஷன் 4 லிட்டர். ஆவியாகும் அளவையும், இரண்டாம் முறை கேட்பவர்களையும் எண்ணிப் பால் 10 லிட்டராக வாங்குவது உசிதம். குளிர்ந்த நிலையிலுள்ள 10 லிட்டர் பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3,700 கிலோஜூல் உஷ்ணம் வேண்டும். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய சுடரிலிருந்து பாத்திரத்துக்கு உண்மையில் சேரும் உஷ்ணம் விநாடிக்குச் சுமார் 1.4 கிலோஜூல். ஆகவே முக்கால் மணி நேரம் ஆகும். ‘பத்து நிமிடத்தில் பால் பொங்கிவிடும்’ என்று வீட்டு அனுபவத்தைக் கொண்டு எண்ணுபவர் இங்கேதான் தவறுகிறார். இரண்டு அடுப்புகளில் 5 லிட்டர் வீதம் வைத்தால் காலம் பாதியாகிறது. ஒரு பகுதி கெட்டாலும் மறு பகுதி எஞ்சுகிறது. பெரிய அண்டாவைவிட இரண்டு நடுத்தரப் பாத்திரங்களையே நான் சிபாரிசு செய்வேன்.

அடிப்பிடித்தலைப் பற்றியும் சில சொற்கள். பாலைச் சூடாக்கும்போது, 70 டிகிரிக்கு மேல், கேசின் அல்லாத மற்றப் புரதங்கள் உருமாறத் தொடங்கி, கால்சிய உப்புகளுடன் சேர்ந்து பாத்திரத்தின் அடியில் படிகின்றன. படிந்த இடத்தில் உஷ்ணம் மேலே செல்ல வழியின்றிக் கருகுகிறது. 10 லிட்டர் பாலின் அடியில் உள்ளங்கையளவு கருகினாலும் அதன் வாடை முழுப் பாத்திரத்துக்கும் பரவிவிடும். பின்னர் அதனைப் போக்க வழியில்லை. அடிகனமான பாத்திரத்தில் முதலில் சிறிது தண்ணீர் விட்டுச் சூடாக்கி, அதன்மேல் பாலை ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டிருப்பதே நம் சமையற்காரர்கள் கைக்கொள்ளும் முறை. கருகிவிட்டதென்று தெரிந்தால் அடியைச் சுரண்டாமல், மேற்பாலை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும்.

அடுத்தது டிகாக்ஷன். வறுத்த காப்பிக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதியே சூடான தண்ணீரில் கரையக்கூடியது. கரையக்கூடியது அனைத்தையும் கரைத்துவிடுவது நன்றன்று. 1950-களில் அமெரிக்காவில் லாக்ஹார்ட் என்னும் விஞ்ஞானி இதனை விரிவாக ஆராய்ந்தார். பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்த காப்பியையே மக்கள் விரும்புகின்றனர் என்பது அவ்வாராய்ச்சியிலிருந்து நிலைபெற்ற முடிவு. 18-க்குக் கீழே நின்றால் காப்பி புளித்து வெறுமையாக இருக்கும். 22-ஐத் தாண்டினால் மணமூட்டும் பொருள்களுக்குப் பின்னால் மெதுவாகக் கரையும் கசப்பும் துவர்ப்பும் மேலோங்கும். ‘எக்ஸ்ட்ராக்ஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பல சொல்லாக்கங்கள் முன்மொழியப்பட்டுள்ளன. நானும் என் பங்குக்கு இரண்டொன்றைப் படைத்துள்ளேன். ஆனால் ‘டிகாக்ஷன் இறங்கிவிட்டதா?’ என்று வீட்டில் கேட்கும் கேள்வியில் அதற்குரிய சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் ‘இறக்குதல்’ என்றே குறிப்பிடுகிறேன்.

இறக்குதலுக்கு ஏற்ற தண்ணீரின் உஷ்ணநிலை 92 முதல் 96 டிகிரி வரை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதில் இடத்தின் உயரம் குறுக்கிடுகிறது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. சென்னையில் கொதித்த தண்ணீரைச் சிறிது நேரம் ஆறவிட்டு ஊற்றவேண்டும். பெங்களூர் 900 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதித்தவுடன் ஊற்றினால் பொடியைத் தொடும்போது சரியான உஷ்ணநிலையில் இருக்கும். உதகமண்டலத்திலோ கொதிநீரே 92, 93 டிகிரி அளவில்தான் இருக்கும். அங்கே ஒரு நிமிடம் தாமதித்தாலும் டிகாக்ஷன் நீர்த்துப்போகும். மலைப்பகுதிகளில் பணியாற்றும் களப்பணியாளர்கள் இதனை நினைவிற்கொள்வது நல்லது. தண்ணீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட்டு உப்புகள் காப்பியின் இனிய அமிலங்களை முறித்துச் சுவையை மட்டமாக்கும். ஆற்றுநீரோ சுத்திகரித்த குடிநீரோ கிடைத்தால் டிகாக்ஷனுக்கு அதனையே பயன்படுத்தவேண்டும்.

நூறு பேருக்கு 1 கிலோகிராம் பொடி தேவை. அதாவது ஒருவருக்கு 10 கிராம். பொடியை எப்படி வைத்து இறக்குவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். வீட்டு பில்டரைப் போன்றே பெரிதாகச் செய்யப்பட்ட ஒரு பாத்திரத்தில் 1 கிலோ பொடியையும் கொட்டித் தண்ணீரை ஊற்றினால், மேற்பகுதி நனைந்து உப்பி, அதன் எடை கீழ்ப்பகுதியை அழுத்துகிறது. பொடியின் இடைவெளிகள் அடைபடுகின்றன. தண்ணீர் இறங்காமல் மேலே நிற்கும். அல்லது எங்கேனும் ஒரு பிளவைக் கண்டுபிடித்து அதன் வழியே மட்டும் ஓடிவிடும். முதல் நிலையில் அளவுக்கு மீறிக் கசக்கும். இரண்டாம் நிலையில் பொடியின் பெரும்பகுதி தண்ணீரைக் காணாமலே கிடக்கும். சிக்கரி கலந்த பொடியாயின் அடைப்பு இன்னும் மிகுதி. ஆகவே பில்டர் முறையை விரும்புவோர் 200 அல்லது 250 கிராம் பிடிக்கும் பில்டர்கள் நான்கைந்தைத் தனித்தனியே பயன்படுத்தவேண்டும்.

அவை இல்லாத இடத்தில் துணி முறையே சிறந்தது, செலவும் குறைவு. இதற்கு வீட்டுப் பொடியைவிடச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்துத் தரும்படி கடையில் கேட்டு வாங்கவேண்டும். மூடியுள்ள பாத்திரத்தில் பொடியைக் கொட்டி, கொதித்த தண்ணீர் 5 லிட்டர் ஊற்றி, ஒருமுறை நன்றாகக் கிளறி, மூடி, ஐந்து நிமிடம் வைத்திருந்து துணியில் வடிக்கவேண்டும். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். காப்பிப் பொடி தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீரைத் தன்னிடம் இருத்திக்கொள்கிறது. ஊற்றியது 5 லிட்டராயினும் வடிந்து வருவது 3 லிட்டரே. துணியில் தங்கிய 2 லிட்டரும் வெறும் தண்ணீரன்று. வடிந்து வந்ததைப் போன்றே முழு வலிவுள்ள டிகாக்ஷன்! அதை அப்படியே எறிந்தால் இறங்கியதில் ஐந்தில் இரண்டு பங்கு குப்பைக்குப் போகிறது. எனவே வடிந்து முடிந்த பொடியின்மேல் இன்னும் 1 லிட்டர் கொதிநீரைச் சுற்றிலும் பரவலாக ஊற்றவேண்டும். அந்நீர் உள்ளே தங்கியுள்ள வலிய டிகாக்ஷனைத் தள்ளிக்கொண்டு தான் அங்கே தங்குகிறது. இவ்வாறு 4 லிட்டர் நல்ல டிகாக்ஷன் கிடைக்கும். பில்டரில் இந்த வேலையைத் தண்ணீர் தானே செய்துகொள்வதால்தான் பில்டர் காப்பி திடமாக இருக்கிறது. இதற்கு மேலும் தண்ணீர் ஊற்றி ‘இரண்டாம் டிகாக்ஷன்’ எடுத்து முதலாவதுடன் கலப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அதில் வருவது பெரும்பாலும் கசப்பே.

துணி புதிதாயின் அதில் கஞ்சி இருக்கும். அதனைக் கொதிநீரில் இருமுறை அலசிய பின்னரே பயன்படுத்தவேண்டும். துணியைச் சோப்பில் துவைத்தல் கூடாது.

காப்பிப் பொடியைத் தேர்ந்தெடுப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. அந்த வழக்கில் நான் புகப்போவதில்லை. அராபிகா மணத்துக்கும், ரொபஸ்டா திடத்துக்கும் பெயர்பெற்றவை. ரொபஸ்டாவில் காபின் ஏறக்குறைய இரு மடங்கு உள்ளது. சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். சிக்கரியில் தண்ணீரில் கரையும் பகுதி காப்பியைவிட மிக அதிகம். ஆதலால் நிறமும் அடர்த்தியும் ஏறுகின்றன, மணமும் காபினும் ஏறுவதில்லை. கறுப்பாக இருப்பதைக் கண்டு திடமென்று மயங்கவேண்டாம். கூட்டத்துக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சிக்கரி சேர்ப்பது என் அபிப்பிராயம். பொடியை முதல் நாளோ அன்றோதான் அரைத்து வாங்கவேண்டும். அரைத்த பொடியின் மணம் சில நாட்களிலேயே பறந்துவிடுகிறது.

இறக்கிய டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாகாது. சூட்டில் நீண்ட நேரம் இருக்கும் காப்பியில் சில பொருள்கள் சிதைந்து குயினிக் அமிலம் முதலானவை பெருகுகின்றன; புளிப்பும் கசப்பும் ஏறுகின்றன; மணமோ ஆவியுடன் போய்விடுகிறது. முகாமில் நாங்கள் குடித்தது இத்தகைய டிகாக்ஷனையே. எனினும் டிகாக்ஷனை ஆறவிடுவதும் தவறாகும். காரணத்தை எண்களால் காட்டலாம். 96 டிகிரியிலுள்ள பால் 80 மில்லிலிட்டருடன், அறை உஷ்ணமான 27 டிகிரியிலுள்ள டிகாக்ஷன் 40 மில்லிலிட்டரைச் சேர்த்தால், கலவை 73 டிகிரிக்கு வந்துவிடும். டிகாக்ஷன் 60 டிகிரியில் இருந்தால் கலவை 84 டிகிரியில் நிற்கும். அடுத்துக் காப்பி டம்ளரில் விழுகிறது. 80 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளர் உஷ்ணத்தைக் குடிப்பதில் 10 மில்லிலிட்டர் குளிர்ந்த தண்ணீருக்குச் சமம். அது மட்டுமே 4 டிகிரியைப் பறித்துக்கொள்ளும். டவராவில் ஊற்றினால் இன்னும் 3 அல்லது 4 டிகிரி. பின்னர் பந்தலின் கடைக்கோடி வரை தட்டில் எடுத்துச் செல்லும் ஐந்து நிமிடம். 73 டிகிரியில் புறப்பட்ட காப்பி கடைசி வரிசையில் இருப்பவரிடம் வெதுவெதுப்பாகப் போய்ச்சேர்வதில் வியப்பென்ன?

ஆகவே டிகாக்ஷன் பாத்திரத்தை வெந்நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்துக்குள் மூடி வைக்கவேண்டும், நேர்த்தீ படலாகாது. இவ்வாறு ஒரு மணி நேரம் வரை சுவை கெடாமல் காக்கலாம். டம்ளர்களை வெந்நீரில் அலசி உடனுக்குடன் பயன்படுத்தினால் அவை பறிக்கும் 4 டிகிரியும் மிஞ்சுகிறது. இதற்குச் செலவாவது ஒரு குண்டான் வெந்நீர்; டம்ளர்களின் தூய்மைக்கும் அது உதவும். காப்பியை முழுவதும் ஒருசேரக் கலந்து வைப்பதைவிட, 25 பேருக்கு ஒரு தவணையாக, டிகாக்ஷன் 1 லிட்டரும் பால் 2 லிட்டரும் கலந்து மூடியுள்ள தூக்கில் எடுத்துச் சென்று, விருந்தினர் அமர்ந்திருக்கும் இடத்திலேயே டம்ளரில் ஊற்றுவது மேலானது. ஒரு தூக்கிலுள்ள 3 லிட்டர் காப்பி இழக்கும் உஷ்ணத்தைவிட, அதே காப்பி 25 டம்ளர்களில் பரவியிருக்கும்போது பன்மடங்கு விரைவாக உஷ்ணத்தை இழக்கிறது. காற்றுப்படும் பரப்பு பெருகிவிடுவதே காரணம். ஆற்றி நுரை எழுப்புவதானால் தூக்கிலேயே இரண்டொரு முறை ஆற்றினால் போதும். பாற்புரதங்கள் தாங்கிநிற்கும் அந்நுரை மேலே ஒரு போர்வைபோல் நின்று உஷ்ணத்தைக் காக்கும்.

சூடு மிகுதலும் நன்றன்று. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை வழக்கமாக அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016-இல் அறிவித்தது. கைக்கு வரும்போது 70 டிகிரியளவில் இருந்தால், டவராவில் ஒருமுறை ஆற்றிக் குடிப்பதற்குள் அது 60-க்கு வந்துவிடும். நம் டவரா இவ்வகையில் நல்ல கருவியே.

காலை எட்டு மணிக்குக் காப்பி என்றால், ஆறரைக்குப் பாலைச் சோதித்துவிடவேண்டும். அப்போதுதான் ஒரு பகுதி கெட்டிருந்தாலும் வேறு வாங்க நேரம் இருக்கும். ஏழு மணிக்குத் தண்ணீரை ஏற்றவும். ஏழேகாலுக்கு இரு அடுப்புகளில் பாலை ஏற்றவும். ஏழரைக்கு டிகாக்ஷன் இறங்கி வெந்நீர்த் தொட்டிக்குள் போயிருக்கும். எட்டுக்கு முன்பே பால் பொங்கிவிடும். நூறு பேருக்கு 1 கிலோ சர்க்கரை போதும். அதைக் காப்பியில் சேர்த்துவிடாமல் தனியே கொண்டுசெல்லவேண்டும். நீரிழிவு உள்ளவர் இல்லாத கூட்டம் இன்று அரிது.

மதிய உணவு முடிந்தவுடன் காப்பி வழங்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது. காப்பியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, தேநீர் அருந்துவதைத் தவிர்க்குமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இரத்தசோகை மிகுந்த நம் நாட்டில், குறிப்பாகப் பெண்கள் கலந்துகொள்ளும் முகாம்களில், காப்பியை மூன்று மணிக்குத் தள்ளிவைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

மிஞ்சிய பாலைக் குறித்து ஓர் எச்சரிக்கை. கொதிக்கவைத்தாலும் அழியாத பாக்டீரியா வித்துகள் சில பாலில் உண்டு. அவை வெதுவெதுப்பான சூட்டில் முளைத்துப் பெருகுகின்றன. ஆகவே காலையில் காய்ச்சிய பாலை அடுப்பின் ஓரத்தில் மாலை வரை வைத்திருப்பது ஆபத்தானது. 60 டிகிரிக்கு மேலே வைத்திருக்கவேண்டும். அல்லது அகன்ற தட்டுகளில் ஊற்றித் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி விரைவாகக் குளிர்வித்து, குளிர்ப்பெட்டியில் சேர்க்கவேண்டும். இரண்டும் இயலாதெனில் உறை ஊற்றிவிடலாம், மறுநாள் மோருக்கு ஆகும். வடித்த துணியை அன்றே கொதிநீரில் அலசி வெயிலில் நன்றாக உலர்த்தவேண்டும். ஈரத்துடன் சுருட்டி வைத்த துணியில் தங்கிய காப்பி எண்ணெய் சிக்குவாடை பிடித்து, அடுத்த கூட்டத்தின் காப்பியில் தலைகாட்டும்.